சிட்லபாக்கத்து ரோபோ

1

இந்த வருடமும் அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. அழைப்பு என்றதும் தங்க எழுத்தில் அச்சடித்த அட்டையை நினைத்துவிடாதீர்கள். மூன்று வரி மின்னஞ்சல். "வருகிறீர்களா? என்ன பேசுவது என்று வந்தபின் முடிவு செய்துகொள்ளலாம். சைவமா, அசைவமா?" அவ்வளவுதான். படித்ததும் போன வருடத்து ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். சிரித்தபின், இதில் நான் சிரிக்கலாமா என்ற சந்தேகமும் வந்தது. எனக்கு எல்லாவற்றிலும் அப்படித்தான்.

நாங்கள் வேல்ஸில் ஒரு கடலோர நகரத்தில் இருக்கிறோம். கணவர் பிரின்ஸுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. மகள் எஸ்தருக்கு மூன்றரை வயது. கல்யாணத்துக்கு முன்பு நான் பல்லாவரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் இணையதளங்கள் செய்துகொண்டிருந்தேன். இங்கே பல்கலைக்கழகத்தின் வானியல் துறையில் அதே வேலையை வாரத்தில் மூன்று நாள் செய்கிறேன். வானியல் எனக்குத் தெரியாது. சிட்லபாக்கத்தில் வளர்ந்தவளுக்கு வானத்தில் தெரிந்தவை நிலாவும், மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானமும்தான்.

எங்கள் துறையில் ஒரு தளம் தயாராகிக்கொண்டிருந்தது. தொலைநோக்கி எடுத்த விண்மீன் மண்டலங்களின் படங்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் வழுவழுப்பான உருண்டையா, கைகள் விரித்த சுழலா என்று பிரிக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதில் தடுமாறும்; மனிதக் கண் ஒரே பார்வையில் சொல்லிவிடும். எனவே படங்களை இணையத்தில் போட்டு, ஆர்வமுள்ள யாரும் பார்த்துப் பதில் சொல்லட்டும் என்பது திட்டம். ஒரே படத்தைப் பலர் பார்த்து, பெரும்பாலோர் சுழல் என்றால் அது சுழல்.

வெள்ளோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. "உங்கள் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் அனுப்புங்கள்" என்றார் எங்கள் தலைவி ஹெலன். மற்றவர்கள் தம்பிக்கும் பழைய வகுப்புத் தோழனுக்கும் அனுப்பினார்கள். நான் அம்மாவுக்கு அனுப்பினேன்.

2

அம்மா தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சை ஹாலில் அவர் நடந்து வந்தால் பெஞ்சுக்கடியில் இருக்கும் துண்டுச்சீட்டு தானாகவே எழுந்து சரணடையும் என்று பேச்சு. அப்பா மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து இருட்டிய பிறகுதான் வருவார். அதுவரை அம்மாவுக்குத் துணை அக்கம்பக்கத்துப் பெண்கள். எதிர் வீட்டு நூர்ஜஹான் ஆன்ட்டி. மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் மெர்சி அக்கா. சர்ச்சின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து இன்னும் நான்கு பேர். எஸ்தரை வெப்கேமராவில் பார்ப்பதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் ஹாலில் இருந்தது. பேத்தியைப் பார்க்கும் நேரம் போக அது சும்மாதானே இருக்கிறது?

ஏழு பேரும் ஆளுக்கொரு கணக்கு தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

"என்னம்மா படம் இது! கர்த்தருடைய கைவேலை!" என்றார். "முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் நூர்ஜஹான்தான் வழி சொன்னா. வழுவழுன்னு இருந்தா இட்லி. சுத்திக்கிட்டு இருந்தா முறுக்கு. இப்ப சடசடன்னு போகுது."

பிரின்ஸ் இதைக் கேட்டுவிட்டு எஸ்தரைக் கூப்பிட்டு ஒரு சுழல் படத்தைக் காட்டினார். "இது என்ன மாதிரி இருக்கு, குட்டி?"

எஸ்தர் யோசிக்கவே இல்லை. "பாத் வாட்டர் கோயிங்" என்றாள்.

குளியல் தொட்டியின் தண்ணீர் துவாரத்தில் சுழன்று இறங்குவதைத்தான் சொல்கிறாள். சிட்லபாக்கத்தில் எங்களுக்கு வாளியும் குவளையும்தான். தண்ணீர் சுழன்று நான் பார்த்ததில்லை. இந்தப் பெண் முறுக்கு என்று சொல்லவில்லையே, நான் வீட்டில் முறுக்கே சுடுவதில்லையே என்று அன்று முழுவதும் கவலைப்பட்டேன். முறுக்கு அச்சை அனுப்பச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

இங்கே வந்த புதிதில் எஸ்தரை மழலையர் பள்ளியில் சேர்க்கப் போனபோது, அவசரத்துக்குக் கூப்பிட, பெற்றோர் அல்லாத இரண்டு பேரின் பெயர் கேட்டார்கள். அரை மணிக்குள் வரக்கூடியவர்களாக இருக்க வேண்டுமாம். ஊரில் என்றால் அந்தக் கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருப்பேன். இங்கே பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், அதுவரை 'ஹலோ'வைத் தாண்டிப் பேசியிராத பக்கத்து வீட்டு அம்மாளின் கதவைத் தட்டி, "நீங்கள் எங்கள் அவசரமாக இருக்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் தன் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நிச்சயமாக" என்றார். நான் என்ன கேட்டேன் என்பது வீட்டுக்குள் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

3

வானியல்காரர்களும் இணையதளக்காரர்களும் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்பதுதான் போன வருடம் நடந்த அந்தக் கூட்டத்தின் பொருள். பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். நான் முதல் நாள் கஞ்சி போட்ட காட்டன் புடவை, மேலே கோட், கையில் தட்டச்சு செய்த உரையோடு போனேன். மற்றவர்கள் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள்.

மேடை இல்லை. வரவேற்புரை இல்லை. பொன்னாடை, பூச்செண்டு, நன்றியுரை எதுவும் இல்லை. சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. அதில் நேரமும் அறையும் மட்டும் எழுதிய காலிக் கட்டங்கள். பேச விரும்புகிறவர் ஒரு துண்டுத் தாளில் தலைப்பை எழுதி ஒட்டிவிட வேண்டும். கேட்க விரும்புகிறவர் போய் உட்காரலாம். பிடிக்கவில்லை என்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இதுதான் விதி என்று ஹெலன் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஆனால் என்னால் எழுந்து போக முடியவில்லை. பழைய கோப்பு வடிவங்களைப் பற்றி ஒருவர் பேசினார். ஒவ்வொருவராக எழுந்து போய், கடைசியில் அவரும் நானும்தான் மிச்சம். நானும் போய்விட்டால் அவர் மனசு என்ன ஆகும்? மடியில் கைபேசி வேறு. எஸ்தரின் பள்ளியிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரும் என்று ஒரு கண் அதிலேயே இருந்தது. அவரும் பாவம், எனக்காகத்தான் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார் என்பது தேநீர் நேரத்தில் தெரிந்தது.

இரண்டாம் நாள் காலை முதல் தலைப்பு: "நம் தளத்தில் ஒரு ரோபோ." ஆள் மாதிரி நடித்துத் தானாகவே பதில் போடும் ப்ரோகிராமுக்கு அப்படிப் பெயர். ஒட்டியவன் கரெத். எங்கள் துறையின் ஆராய்ச்சி மாணவன், கெட்டிக்காரன், வெடிச்சிரிப்புக்காரன். தளத்தின் புள்ளிவிவரம் அவன் பொறுப்பு. அறை நிறைந்துவிட்டது.

"ஏழு கணக்குகள்" என்று ஆரம்பித்தான் கரெத், துப்பறியும் கதை சொல்கிற குரலில். "ஏழும் ஒரே இணைய இணைப்பிலிருந்து, தென்னிந்தியாவிலிருந்து வருகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வருகின்றன. கண் இமைப்பதற்குள் ஒரு படத்துக்குப் பதில் போடுகின்றன. ஏழு பேரின் பதிலும், கடைசிப் படம் வரை, ஒன்றே!"

சிரிப்பு எழுந்தது.

"வேடிக்கையைக் கேளுங்கள். இந்த ரோபோ தினமும் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கிறது. பாதிப் படத்தில் நிற்கும். சரியாக ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வரும். மாதம் மாறினால் ஓய்வு நேரமும் மாறுகிறது! எழுதியவன் பெரிய கைகாரன்."

திரையில் கணக்குகளின் பெயர்கள் வந்தன. மூன்றாவது, 'மெர்சி சிட்லபாக்கம்'. ஐந்தாவது, 'நூர்ஜஹான் ஹார்டுவேர்ஸ்'. ஆன்ட்டியின் கணவர் கடைப் பெயர். முதல் பெயர் என் அம்மாவுடையது.

அந்த வருடம்தான் ஊரில் மின்வெட்டு. ஏரியாவுக்கு ஏரியா நேரம் வைத்து, மாதாமாதம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழையும் முடக்கிவிடுகிறேன்" என்று முடித்தான் கரெத். "ஏதாவது கேள்வி?"



4

முடக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்தை எழுதியதே நான். உள்ளே நுழையப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் வரும்: 'முறைகேடான பதில்கள் காரணமாக உங்கள் கணக்கு மூடப்பட்டது.' வாழ்நாளெல்லாம் காப்பியடித்தவர்களைப் பிடித்த என் அம்மா, தன் வீட்டு ஹாலில், ஆறு பேர் முன்னால் அதைப் படிப்பார்.

சொன்னாலோ? தளம் ஓடுவதாகக் காட்ட நானே வீட்டு ஆட்களை வைத்துப் பதில் போட்டேன் என்று நினைக்க மாட்டார்களா? எல்லோரும்தானே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் மற்றவர்கள் வீட்டார் யாரும் ரோபோ ஆகவில்லையே.

தேநீர் இடைவேளையில் பிரின்ஸைக் கூப்பிட்டேன். கேட்டுவிட்டு முதலில் நன்றாகச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. என்ன பண்றது சொல்லுங்க."

"விட்டுடு ஷீபா. அத்தைகிட்ட வெப்சைட் ரிப்பேர்னு சொல்லிக்கலாம்." ஒரு கணம் கழித்து, "இல்ல, சொல்லிடு. அப்புறம் நீ ஒரு மாசம் தூங்க மாட்டே" என்றார். "உனக்கு எது சரின்னு படுதோ அதைப் பண்ணு."

இப்படிச் சொன்னால் எப்படி? எனக்கு ஏதாவது தீர்மானிக்க வேண்டுமென்றால் அம்மாவைக் கேட்பதுதான் வழக்கம். எஸ்தருக்குச் சளி மருந்து கொடுப்பதா, இந்த வேலையில் சேர்வதா, எல்லாமே சிட்லபாக்கத்தைக் கேட்டுத்தான். இதை மட்டும் கேட்க முடியாது.

பலகையில் பதினொரு மணிக்குச் சின்ன அறை ஒன்று காலியாக இருந்தது. ஒரு தாளில் 'அந்த ரோபோவை எனக்குத் தெரியும்' என்று எழுதி ஒட்டினேன். நான்கு பேர் வருவார்கள், கரெத்திடம் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. பத்து நிமிடத்தில் அறை நிரம்பி, வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். கோப்பு வடிவக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து எனக்குக் கையசைத்தார்.

தட்டச்சு செய்த உரை எதுவும் உதவவில்லை. "அது ரோபோ இல்லை" என்றேன். "அது என் அம்மா."



"ஏழுமா?" என்றான் கரெத்.

"இல்லை, ஒன்று மட்டும்தான். மற்றவர்கள் எங்கள் தெருப் பெண்கள்."

5

மின்வெட்டு வரை விளக்கி முடித்தேன். "ஆனால் பதில்கள் எப்படி ஒன்றாகவே இருக்கும்?" என்று கரெத் கேட்டான். "அவர்களையே கேட்டுவிடலாமே" என்றார் ஹெலன். அங்கே பிற்பகல் மூன்றரை தாண்டியிருந்தது. எல்லோரும் கூடியிருக்கும் நேரம். சுவர்த் திரையில் அழைப்பைப் போட்டார்கள்.

எங்கள் ஹால் திரையில் விரிந்தது. சோபாவிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் ஏழு பேர். டியூஷன் காலத்துக் கரும்பலகை சுவரில் சாத்தியிருந்தது. அதில் அம்மாவின் கையெழுத்தில் ஒன்று முதல் ஐம்பது வரை எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இ' அல்லது 'மு'.

அறை நிறைய வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் மெர்சி அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். அம்மா நாற்காலியை நகர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "குட் மார்னிங், எவ்ரிபடி" என்றார்.

அந்தக் குரலுக்கு என்ன சக்தியோ, மொத்த அறையும் ஒரே சுருதியில் "குட் மார்னிங்" என்றது. ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னம்மா ஷீபா, இத்தனை பேரு? எதாவது தப்பாயிடுச்சா?"

"இல்லம்மா. நீங்க எப்படிப் பதில் போடுறீங்கன்னு கேட்கிறாங்க."

"எப்படின்னா? முதல்ல எல்லாரும் உக்காந்து ஒவ்வொரு படமா பார்ப்போம். பேசி ஒரு முடிவுக்கு வந்து போர்டுல எழுதிடுவேன். அப்புறம் ஒருத்தி ஒருத்தியா போய் அவங்கவங்க பேர்ல போட்டுட்டு வருவாங்க. தப்பா போட்டா உங்களுக்குத்தானே கஷ்டம்?"

"சண்டையெல்லாம் வரும்மா" என்றார் நூர்ஜஹான் ஆன்ட்டி, கேமராவுக்கு வெகு அருகில் வந்து. "நேத்து ஒண்ணு இட்லியா முறுக்கான்னு டீ ஆறிப் போச்சு. உங்கம்மா விடவே இல்ல."

மொழிபெயர்த்தேன். கரெத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, பதில்கள் தனித்தனியாக இருந்தால்தான் கணக்குக்கு உதவும், இப்படி என்றால் ஏழு பேரையும் ஒரே ஆளாகத்தான் எண்ண முடியும் என்றான். அதை அப்படியே சொல்வதா, கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொல்வதா? சர்க்கரை போட்டால் நாளைக்கும் போர்டில் எழுதுவார்கள். அப்படியே சொன்னேன்.

அம்மாவின் முகம் மாறியது. "அப்ப நாங்க காப்பியடிச்சோம்னு சொல்றாரா அந்தத் தம்பி?"

"ஏழு பேரும் சேர்ந்து ஒரே ஆளா?" என்றார் நூர்ஜஹான் ஆன்ட்டி. "எங்க வூட்டுக்காரரு கேட்டா ஒரு வாரம் சிரிப்பாரே!"

"உங்கள் அம்மா என்ன சொல்கிறார்?" என்று கரெத் கேட்டான். அதையும் அப்படியே சொன்னேன். அவன் காது சிவந்துவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்குள் திரை இருண்டது.

மணி அங்கே நான்கு. அறையில் யாரோ மெதுவாக, "ரோபோ ஓய்வுக்குப் போய்விட்டது" என்றார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரமும், மின்விசிறி நின்ற ஹாலில் அம்மா 'காப்பி' என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதுதான் என் நினைப்பு.

கரெத் தேடிக்கொண்டு வந்தான். "தப்பு அவர்களுடையது இல்லை" என்றான். "தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தளத்தில் எங்கேயும் எழுதவில்லை. ஒரு கம்ப்யூட்டர் முன்னால் ஒரு ஆள்தான் உட்கார்வார் என்று நினைத்துவிட்டோம். வேறுவிதமாக எங்களுக்குத் தோன்றவே இல்லை." அன்று பிற்பகல், கூட்டத்துக்கு வந்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஏதாவது ஒன்றை உருவாக்கும் நேரம். அவனும் நானும் சேர்ந்து ஒரு பக்கம் செய்தோம். முதலில் நீங்கள் மட்டும் பார்த்துப் பதில் சொல்லுங்கள். சொல்லி முடித்தால் பேசுவதற்கு ஓர் இடம் திறக்கும், அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். அந்த வரிகளைத் தமிழிலும் எழுதினேன்.

அதற்கு முன்பே, அங்கே மின்சாரம் வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்து கரெத் சொன்னதைச் சொன்னேன்.

"விதியே சொல்லாம பரீட்சை வச்சிருக்கீங்க" என்றார்.

"ஆமாம்மா."

"சரி. அப்ப பழசையெல்லாம் அழிச்சிடச் சொல்லு. முதல்லேருந்து எழுதுறோம்."

6

எழுதினார்கள். அம்மா கண்காணிப்பாளர். ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால். மற்றவர்கள் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஏழு பேரும் முடிக்கும்வரை இட்லி என்றோ முறுக்கு என்றோ யாரும் வாய் திறக்கக் கூடாது. "எல்லாரும் முடிச்சப்புறம் ஒரு மணி நேரம் சண்டை" என்று அம்மா போனில் சொன்னார். "முன்னைவிட நல்லா இருக்கு. இப்பல்லாம் அவங்கவங்க சொன்னதுக்கு அவங்கவங்களே பதில் சொல்லியாகணும் பாரு."

இரண்டு வாரம் கழித்துக் கரெத் என் மேஜைக்கு வந்தான். இந்த முறை துப்பறியும் குரல் இல்லை. "ஆறு பேர் நன்றாகச் செய்கிறார்கள். மூன்றாவது கணக்கு மட்டும்... எல்லாப் படத்துக்கும் உருண்டை என்றே வருகிறது. ஒரு சுழல்கூட இல்லை. தெளிவான படங்களில்கூட. அவருக்கு விருப்பமில்லையோ? சும்மா அழுத்துகிறாரோ?"

மூன்றாவது, மெர்சி அக்கா. சும்மா அழுத்துகிற ஆள் இல்லை. பைபிள் வாசிக்கச் சொன்னால் ஒரு கமாவைக்கூட விடமாட்டார். இதை அம்மாவிடம் சொல்லலாமா, சொன்னால் 'காப்பி' என்ற அந்த வார்த்தை திரும்பவும் வருமோ என்று தயங்கினேன். வழக்கமான அளவுக்குத் தயங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றே கூப்பிட்டேன்.

"எல்லாமே இட்லியா?" அம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அந்தப் பெரிய படம்? கையெல்லாம் விரிச்சிக்கிட்டு இருக்குமே?"

"அதுவும்தாம்மா."

"இரு" என்று போனை வைத்துவிட்டார்.

மாடிக்குப் போய்க் கேட்டாராம். மெர்சி அக்கா முதலில் மழுப்பியிருக்கிறார். பிறகு, ஒரு வருடமாகவே எல்லாம் புகை மாதிரிதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். பைபிள் பாதி மனப்பாடம், மீதியைப் பக்கத்தில் இருப்பவரின் குரலைப் பிடித்துக்கொண்டு வாசித்துவிடுவாராம். படங்களும் அப்படித்தான்: நீங்களெல்லாம் முறுக்கு என்றால் முறுக்கு, இட்லி என்றால் இட்லி. ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்தோடு இருந்தவரை யாருக்கும் தெரியவும் இல்லை, அம்மாவுக்கே.

அடுத்த நாள் காலையில் தாம்பரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் போனால் போதும். ஏழு பேரும் இரண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் நான் அழைத்தபோது நூர்ஜஹான் ஆன்ட்டிதான் எடுத்தார். கண்புரைதான், அடுத்த வாரம் ஆபரேஷன், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

"உங்கம்மா கோபமா இருக்கா, பேச மாட்டேங்கிறா" என்றார்.

"ஏன் ஆன்ட்டி, என் மேலயா?"

"உன் மேல இல்ல கண்ணு, நர்ஸ் மேல. டெஸ்ட்டுக்கு எழுத்து போர்டு மாட்டியிருந்தாங்க இல்ல? மெர்சியை உக்கார வச்சு, ஒரு கண்ணை மூடி, படிங்கம்மான்னாங்க. அவ தடுமாறிக்கினு இருந்தா. பாவமா இருந்துச்சு. நாங்க பின்னால நின்னு மெதுவா ஒவ்வொரு எழுத்தா சொன்னோம். கடைசி வரி வரைக்கும் கரெக்டா படிச்சிட்டா!"

"அய்யோ! அம்மாவுமா சொன்னாங்க?"

"ஆரம்பிச்சதே அவதான்" என்றார் ஆன்ட்டி. "அந்த நர்ஸு பொண்ணு திரும்பிப் பார்த்து, 'பாட்டிங்க எல்லாம் வெளிய போய் நில்லுங்க, காப்பியடிக்கக் கூடாது'ன்னுட்டா."